மருத்துவ மாணவரின் பிழைகள் யாருக்குச் சொந்தம்?

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பற்றி இன்று மிக அதிகமாக அறிந்திருப்பது யார்? அவருடைய பேராசிரியர் அல்லர். விடுதி அறைத் தோழரும் அல்லர். அவருடைய கைபேசியில் இருக்கும் பயிற்சிச் செயலிதான். சிறுநீரகவியலில் எத்தனை கேள்விகளைத் தவறவிட்டார், ஒரு கேள்விக்கு எத்தனை விநாடி எடுத்துக்கொண்டார், எந்தப் பாடக் காணொளியைப் பாதியில் நிறுத்தினார், இரவு எத்தனை மணி வரை படித்தார், அதே தேர்வை எழுதிய மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறார் என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. அவர் எதில் பலவீனமாக இருக்கிறாரோ அதிலிருந்து அடுத்த கேள்வியை அது எடுத்துத் தருகிறது. மறந்துபோகும் தருணம் பார்த்து மீண்டும் கேட்கிறது. இதைத்தான் தனிநபருக்கேற்ற கற்றல் என்றும் கற்றல் தரவுப் பகுப்பாய்வு என்றும் கல்வித் துறையினர் அழைக்கின்றனர். முதுநிலை நுழைவுத் தேர்வுக்கென்று வந்த மாரோ, பிரெப்லேடர் போன்ற செயலிகள் இப்போது முதலாண்டு உடற்கூறியல் பாடத்தையே நடத்தத் தொடங்கிவிட்டன.

குழந்தைகள் நலத் துறையில் கால் நூற்றாண்டுக்கும் மேல் கற்பித்தவன் நான். ‘எங்கள் காலத்தில் புத்தகம் இருந்தது, நோயாளி இருந்தார், அவ்வளவுதான்’ என்று பெருமை பேசும் மூத்தோர் வரிசையில் நிற்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்தில் கடைசி வரிசை மாணவர் ஆறு மாதம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார். பருவத் தேர்வில் அவர் தோற்கும்வரை அது எவருக்கும் தெரியாது. செயலிக்கு அது மூன்றாம் நாளே தெரிந்துவிடுகிறது.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே நின்றார் என்பது அவருடைய கண்டறிதல். ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆசிரியரை நியமிக்க எந்தச் சமூகத்தாலும் இயலாது. வகுப்பறைக்குள்ளேயே அந்தப் பயனைப் பெறுவது எப்படி என்பதுதான் அவர் விட்டுச்சென்ற புதிர். பின்வந்த ஆய்வுகளில் பயன் அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை. ஆயினும் புதிர் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் அது இன்னும் கடினமாகியிருக்கிறது. 2014-க்கு முன் 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தே ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. தமிழகத்தில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அரியலூரிலும் ராமநாதபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மருத்துவக் கல்லூரி வந்தது பெருமைக்குரியது. கட்டடங்களை இரண்டாண்டுகளில் எழுப்பிவிடலாம். ஒரு பேராசிரியர் உருவாகப் பதினைந்து ஆண்டுகளாவது வேண்டும். அந்த இடைவெளியில் மாவட்டத் தலைநகர் விடுதியில் இருக்கும் ஒரு மாணவி, நாட்டின் தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் இதயவியல் வகுப்பை இரவு பதினொரு மணிக்குக் கேட்டுப் புரிந்துகொள்கிறார் என்றால், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

என் கவலை வேறு. இச்செயலிகள் எதை அளக்கின்றன என்பதை முடிவுசெய்வது மருத்துவம் அன்று, தேர்வு. முதுநிலை நீட் தேர்வில் 200 கேள்விகள். மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. 2024 முதல் அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். முடிந்த பகுதிக்குத் திரும்ப இயலாது. இத்தேர்வு மருத்துவரின் தகுதியைச் சோதிப்பதற்கானது என்று நம்புவோர் 2023 செப்டம்பரை நினைவுகூர வேண்டும். இடங்கள் காலியாகக் கிடந்ததால் தகுதிக்கான சதமான அளவை அந்த ஆண்டு பூஜ்யமாகவே குறைத்தார்கள். தேர்வு எழுதிய எல்லோரும் தகுதி பெற்றார்கள். கதிரியக்கவியல் யாருக்கு, தோல் மருத்துவம் யாருக்கு என்று வரிசைப்படுத்துவதே அத்தேர்வின் உண்மையான வேலை. அந்த வரிசையில் முன்னேற்றுவதற்காகவே செயலியின் பகுப்பாய்வும் செதுக்கப்பட்டிருக்கிறது. வணிக நிறுவனம் வாடிக்கையாளர் கேட்டதைத் தருகிறது, அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பகுப்பாய்வை ‘மருத்துவப் பயிற்சியின் அளவுகோல்’ என்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990-ல் நான்கு படிகள் கொண்ட ஒரு பிரமிடை வரைந்தார். அடியில் ‘அறிந்திருத்தல்’. அதன்மேல் ‘எப்படி என்று அறிந்திருத்தல்’. மூன்றாவது ‘செய்துகாட்டுதல்’. உச்சியில் ‘செய்தல்’, அதாவது யாரும் பார்க்காதபோது, அன்றாடப் பணியில், உண்மையான நோயாளியிடம். செயலிகள் முதல் படியை மிகத் துல்லியமாக அளக்கின்றன. இரண்டாவது படியை ஓரளவு தொடுகின்றன. மேலே இருக்கும் இரண்டும் அவற்றின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமூச்சு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. நிமோனியாவைச் சந்தேகிக்க உலக சுகாதார நிறுவனம் தந்த எளிய வரையறை இது. எந்த மாணவரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார். எண்ணச் சொல்லிப் பாருங்கள். குழந்தை அழக் கூடாது; ஆகவே தாயின் மடியிலிருந்து பிரிக்கக் கூடாது. சட்டையை மெதுவாக விலக்கி, கை படாமல், வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாது. சிசுவின் மூச்சு சீராக இராது. பாதியில் குழந்தை சிணுங்கினால் காத்திருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதற்குப் பொறுமையும் ஒரு தாயைச் சமாதானப்படுத்தும் குரலும் தேவை. நான் கற்பித்த கடைசிச் சில ஆண்டுகளில், எண் தெரிந்தும் எண்ணத் தெரியாத பயிற்சி மருத்துவர்களின் தொகை கூடிக்கொண்டே வந்ததைக் கண்டேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மூச்சை எண்ணும் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கேள்விக்கு விடை எழுதிவிடலாம் என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு. நோயாளியோடு இருப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட ஹவுஸ் சர்ஜன் ஆண்டு, பலருக்கு நூலக ஆண்டாகிவிட்டது.

மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். செயலியில் வரும் நோயாளி சுத்தமான ஆங்கிலத்தில், மூன்று வரியில், தேவையான விவரங்களை மட்டும் தருகிறார். நம் வார்டில் அமர்ந்திருக்கும் தாயோ ‘குழந்தைக்கு இழுப்பு வந்துடுச்சு’ என்கிறார். சில ஊர்களில் இழுப்பு என்றால் வீசிங். வேறு சில ஊர்களில் கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு, அவசரம் வேறு. ‘மூச்சா, கை காலா?’ என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவரே மருத்துவர். ‘நெஞ்சு கரிக்குது’ என்று வரும் ஐம்பது வயதுக்காரருக்கு நெஞ்செரிச்சலும் இருக்கலாம், மாரடைப்பும் இருக்கலாம். ‘மேலுக்கு முடியல’ என்பதை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது? நாலு பக்கம் கேள்வி கேட்டு அந்தச் சொற்களைப் பிரித்தெடுப்பதுதான் நோயறிதலின் பெரும்பகுதி. அதற்கு எந்தப் பகுப்பாய்வுத் திரையிலும் ஒரு கட்டம் இல்லை.

அளக்கவே இயலாது என்று சொல்லிவிடவும் முடியாது. செய்யும் வேலையையே எடுத்துக்கொண்டு அளந்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் அவசர மருத்துவரான மார்ட்டின் பூசிக்கும் அவருடைய சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கணுக்கால் எக்ஸ்-ரே படங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைக் கணினியில் வரிசையாகக் காட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ‘முறிவு உண்டா, இல்லையா, எங்கே?’ என்று பயிற்சியாளர் சொல்ல வேண்டும். சொன்னவுடன் சரியான விடை தெரியும். ஒவ்வொருவரின் திறனும் படத்துக்குப் படம் எப்படி உயர்கிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு வளைகோடாக வரைய முடிந்தது. மருத்துவமனையில் இத்தனை படங்களைப் பார்க்க நீண்ட காலம் ஆகும். பார்த்தாலும் தன் கணிப்பு சரிதானா என்பது பல நேரம் தெரியவராது. அறுவை சிகிச்சையில் யேல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் நடந்த சோதனை அதற்கும் முந்தையது. 16 பயிற்சி அறுவை மருத்துவர்களில் ஒரு பாதியினர் மெய்நிகர் கருவியில் பழகிய பின்பே பித்தப்பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குச் சென்றார்கள். அவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் பணியை 29 விழுக்காடு வேகமாக முடித்தார்கள். கருவியில் பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ அருகிலுள்ள திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. 16 பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் அளக்கப்பட்டது கையின் வேலை, கண்ணின் வேலை. பிழை நேர்ந்தால் எந்த உடலும் வலிக்கவில்லை. கற்பவர் அதைப் பயமின்றிச் செய்யவும் முடிந்தது.

இந்தப் ‘பயமின்றி’ என்ற சொல்லில்தான் நம் நாட்டின் சிக்கல் இருக்கிறது.

2019-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் திறன்சார்ந்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. தையல் போடுதல், பிரசவம் பார்த்தல் போன்ற ஒவ்வொரு திறனையும் மாணவர் செய்து, ஆசிரியர் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்திட வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பதை மருத்துவக் கல்லூரியில் படித்த எவரும் அறிவர். பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும் வாரத்தில், ஓராண்டுக்கான பக்கங்கள் ஓர் இரவில் நிரம்புகின்றன. பேனாவின் மை ஒன்று, கையெழுத்தின் சாய்வு ஒன்று, தேதிகள் மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கும் பரவியிருக்கும். நூற்றைம்பது பதிவேடுகளை மேசையில் அடுக்கி, உணவு இடைவேளையில் கையெழுத்துப் போட்டு முடித்த ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குற்றம்சாட்டுவது எளிது. வெளிநோயாளிப் பிரிவில் முந்நூறு பேர் காத்திருக்க, ஒவ்வொரு மாணவர் தையல் போடுவதையும் அருகில் நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

இந்தப் பதிவேட்டை அப்படியே மின்னணுவாக்கி, அதன்மேல் பகுப்பாய்வை ஏற்றினால் என்ன ஆகும்? ‘இக்கல்லூரி மாணவர்கள் அனைவரும் அனைத்துத் திறன்களையும் அடைந்துவிட்டனர்’ என்று ஓர் அழகான பச்சைநிற வரைபடம் கிடைக்கும். ஆய்வுக்கு வருவோருக்கு அதைக் காட்டலாம். தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர்களின் வருகையைக் கைரேகையில் தொடங்கி 2025 மே முதல் முகப் பதிவுக்கும் இடங்காட்டிக்கும் கொண்டுவந்திருக்கிறது. ஆள் வந்தாரா என்பது அதில் தெரியும். வந்தவர் கற்பித்தாரா என்பது தெரியாது. கண்காணிப்பின் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கை, கற்றல் தரவையும் அதே கூடைக்குள் போட்டுவிடுமோ என்பதுதான் என் அச்சம்.

அப்படி ஓர் அச்சம் பிரிட்டன் மருத்துவர்களை எப்படி ஆட்டிவைத்தது என்று பார்ப்போம். 2011 பிப்ரவரியில் லெஸ்டர் நகர மருத்துவமனையில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கிருமித்தொற்று முற்றி இறந்தான். அன்று பணியில் இருந்தவர் ஹடிசா பாவா-கார்பா என்ற குழந்தைகள் நலப் பயிற்சி மருத்துவர். மகப்பேறு விடுப்பு முடிந்து அண்மையில்தான் பணிக்குத் திரும்பியிருந்தார். பணியாளர் பற்றாக்குறை, பரிசோதனை முடிவுகளைத் தரும் கணினி வலையமைப்பு மணிக்கணக்கில் செயலிழந்திருந்தது. 2015-ல் நீதிமன்றம் கடும் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. 2018 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்க வழிசெய்தது; அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது.

அங்கே பயிற்சி மருத்துவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மின்னணுக் கோப்பு வைத்திருக்க வேண்டும். எங்கே பிசகினேன், ஏன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று தாமே எழுதி, வழிகாட்டியோடு பேச வேண்டும். பாவா-கார்பா தன் கோப்பில் எழுதியதே அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்பட்டது என்ற செய்தி நாடெங்கும் பரவியது. நடுவர் குழுவின் முன் அந்தக் கோப்பு சான்றாக வைக்கப்படவில்லை என்று அவருக்கு உதவிய மருத்துவப் பாதுகாப்பு அமைப்பு பின்னர் விளக்கியது. ஆனால் அம்பு விடப்பட்டாயிற்று. பிழையை எழுதினால் அது தம்மீதே திரும்பும் என்று நம்பிய இளம் மருத்துவர்கள், கோப்பில் எழுத மாட்டோம் என்றும் எவருக்கும் தீங்கற்றதை மட்டுமே எழுதுவோம் என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2018 ஜூனில் சர் நார்மன் வில்லியம்ஸ் தலைமையிலான அரசுக் குழு, இத்தகைய சுயபரிசீலனைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. தாங்கள் கேட்க மாட்டோம் என்று பொது மருத்துவக் கவுன்சிலும் உறுதியளித்தது. ஒரு வதந்தி கெடுத்ததைச் சரிசெய்யவே அரசுக் குழுவின் பரிந்துரை வேண்டியிருந்தது.

நம் செயலிகளில் இருப்பது இதைவிடக் கூர்மையான தரவு. அங்கே மருத்துவர் தாம் விரும்பியதை எழுதினார்; இங்கே மாணவர் அறியாமலேயே அவருடைய தடுமாற்றம் விநாடிக் கணக்கில் பதிவாகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்தும் பெற்றோர் அதைக் கேட்டால் கல்லூரி மறுக்குமா? வேலைக்கு எடுக்கும் தனியார் மருத்துவமனை ‘உங்கள் நான்காண்டுக் கற்றல் விவரத்தைப் பகிருங்கள்’ என்றால் இளம் மருத்துவர் முடியாது என்பாரா? நள்ளிரவில் வெளியாகும் அகில இந்தியத் தரவரிசை வரைபடத்தைப் பார்த்து உறக்கம் தொலைக்கும் மாணவர்கள் இப்போதே இருக்கிறார்கள். அந்த வரைபடம் துறைத்தலைவர் மேசைக்கும் போகிறது என்று தெரிந்த மறுநாளே மாணவர்கள் செயலியை ஏமாற்றக் கற்றுக்கொள்வார்கள். விடையை இன்னொரு சாளரத்தில் தேடிவிட்டுப் பிறகு அழுத்துவார்கள். கடினமான பாடத்தைத் தொடவே மாட்டார்கள். லாக் புக்கை ஓர் இரவில் நிரப்பியவர்களுக்கு இது பெரிய வித்தையா? அப்போது பகுப்பாய்வும் போயிற்று, கற்றலும் போயிற்று.

2023-ல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுக்கு உரியவரின் ஒப்புதலையும் நோக்கத்தையும் வலியுறுத்துகிறது. திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையையும் தருகிறது. அரசு அமைப்புகளுக்குச் சில விலக்குகளும் அதிலேயே உண்டு. பதினெட்டு வயது நிறைந்த மாணவர், சேர்க்கை நாளன்று நீட்டப்படும் படிவத்தில் கையெழுத்திட மறுக்கும் நிலையில் இருக்கிறாரா என்ன? ஆகவே கல்விக்கென்றே தனி விதி வேண்டும். பயிற்சியின்போது செய்த பிழைகளின் பதிவு மாணவருக்கும், அவர் தேர்ந்துகொண்ட வழிகாட்டி ஆசிரியருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். கல்லூரிக்கு வகுப்பின் தொகுப்பு விவரம் போதும்: நூற்றைம்பது பேரில் எண்பது பேருக்கு நீர்ச்சத்துக் கணக்கீடு புரியவில்லை என்று தெரிந்தால் அடுத்த வாரம் அந்தப் பாடத்தை மறுபடி நடத்தலாம், அந்த எண்பது பெயர்கள் தேவையில்லை. மதிப்பெண் தரும் தேர்வு தனியே, அறிவிக்கப்பட்டு, வேறு இடத்தில் நடக்கட்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இத்தகைய விதியை எழுதி, தன் இணைப்புக் கல்லூரிகள் எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தாலும் அதைக் கட்டாயமாக்க முடியும். பல்கலைக்கழகமே ஒரு தளத்தை உருவாக்கினால் இன்னும் நல்லது. நம் மருத்துவமனைகளில் குவிந்திருக்கும் எக்ஸ்-ரேக்களையும் இதயத் துடிப்பு வரைபடங்களையும் நோயாளியின் அடையாளம் நீக்கி அதில் ஏற்றலாம். ‘இழுப்பு’ என்று சொல்லும் தாயின் குரலையும் பதிவுசெய்து, அடுத்து என்ன கேட்பாய் என்று மாணவரைக் கேட்கலாம்.

தேர்வின் வடிவமும் மாறியாக வேண்டும். 2023-ல் விதிமுறை வெளியாகி அடுத்த மாதமே ஒத்திவைக்கப்பட்ட ‘நெக்ஸ்ட்’ தேர்வில் இரண்டு படிகள் உண்டு. கொள்குறி வினாக்கள் கொண்ட முதல் படியின் மதிப்பெண் முதுநிலை இடத்தைத் தீர்மானிக்கும். நோயாளியைப் பரிசோதித்துக் காட்டும் இரண்டாம் படிக்குத் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. அமெரிக்கா இதற்கு எதிர்த்திசையில் ஓரடி வைத்துப் பார்த்தது: 2022 ஜனவரி முதல் அங்கே உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டார்கள். போட்டி ஒழியவில்லை, இரண்டாம் கட்ட எழுத்துத் தேர்வுக்கு நகர்ந்துகொண்டது. நாம் நெக்ஸ்டை மறுபடி கையில் எடுக்கும்போது, இரண்டாம் படிக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கு தந்துபார்க்கலாம். நாடு முழுவதும் ஒரே தரத்தில் செய்முறைத் தேர்வு நடத்துவது கடினம், முறைகேட்டுக்கும் இடமுண்டு என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். பத்து மதிப்பெண் ஒதுக்கினாலும் போதும். குழந்தையின் மூச்சை முழு நிமிடம் எண்ணுவது எப்படி என்று கற்றுத்தரும் வழியைச் செயலி நிறுவனங்களே அடுத்த மாதத்திலிருந்து தேடத் தொடங்கும்.